காது குடைந்த மத்தியானம்

தேவஇரக்கம் பஞ்சைச் சுருட்டி அண்ணனின் காதுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். தடித்த விரல்கள். திணித்தது போதாதென்று கட்டைவிரலால் வேறு அழுத்தினார். பிறகு அதே விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டை எடுத்து, எறும்பை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த சுகிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் செத்துப்போன அவள் புருஷன் ஜீவரத்தினம் கூடத்துப் பெஞ்சில் கோட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை அவர் தொட்டதே இல்லை. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்ததில் பல்வலிக்காரர் போல இருந்தார். யாரோ சென்ட்டை வேறு தாராளமாக ஊற்றிவிட்டார்கள். சாமந்தியும் சென்ட்டுமாக வீடே நாறியது.

தேவஇரக்கம் அவருடைய தம்பி, அரக்கோணத்தில் உபதேசியார். சுகிர்தத்துக்குப் பிள்ளை இல்லாததால், கிறிஸ்துமஸுக்குத் திருத்தணி வீட்டை நிரப்புவது தன் ஊழியம் என்று அவருக்கு நினைப்பு. பெண்டாட்டி சந்திராவோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்குவார். வேளாவேளைக்கு நீள நீளமாக ஜெபம், நடுநடுவே பலகாரம். யார் சிரித்தாலும் ஒரு முறைப்பு. முறுக்கு டின்னின் அடி தெரிந்தால்தான் மூட்டை கட்டுவார்.

அவர்கள் ரயிலேறிய பிறகுதான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கிறிஸ்துமஸ். மிஞ்சிய கறிக்குழம்பைச் சுண்டவைத்து, அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, இருவரும் வழித்துத் தின்பார்கள். எலும்பை உறிஞ்சுகிற சத்தத்துக்கு முறைக்க ஆளில்லை. சாப்பிட்டதும் அவர் பாயை விரித்து அவள் மடியில் தலைவைத்துப் படுப்பார். பண்டிகைக்கு அறுத்த சேவலின் இறகில் நல்லதாகப் பொறுக்கி, டெட்டாலில் கழுவிக் காயவைத்திருப்பார். அந்த இறகால் அவர் காதை அவள் குடைந்துவிட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, காதில் எதையும் விடாதே என்று ஊரையே அதட்டிய மனுஷன்தான். குடைந்தெடுத்ததைக் காட்டச் சொல்லி ஏதோ தங்கம் கிடைத்த மாதிரி பார்ப்பார். அசிங்கம் பிடிச்ச ஆளு என்று அவள் தலையில் தட்டுவாள். அந்த மத்தியானங்களுக்காகத்தான் அவள் கொழுந்தனின் ஜெபங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

நேற்றும் அவர்கள் ரயிலேறியதும் அப்படித்தான். ஒரு காது முடிந்து மறுபக்கம் திரும்பிப் படுத்தவர், சுகமாக இருக்கிறது என்றார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போய் எழுப்பியபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு, காதுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு இன்று காலையில் திரும்பி வந்த தேவஇரக்கம், அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். அடக்க ஆராதனையில் சொல்ல வேண்டுமாம். சுகிர்தம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"அண்ணி, இத வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க. சபைக்கே அசிங்கம்."

அதற்கப்புறம் அவரே ஒரு சாவைத் தயார் செய்ய ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு குல்ஜார் பேகம் வந்து கேட்டபோது, அண்ணன் வானத்தைப் பார்த்து ஆண்டவரே என்றாராம். சபையார் வந்தபோது சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாராம். பிற்பகலில் போதகர் வந்து சேர்வதற்குள் முழங்காலில் நிற்கவே வைத்துவிட்டார். மூட்டு வலியால் கோயிலில்கூட நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்த மனுஷனை. கேட்டவர்களெல்லாம் ஸ்தோத்திரம் என்றார்கள். சுகிர்தத்துக்கு எல்லார்மேலும் அருவருப்பாக இருந்தது. அதைவிட, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தன்மேல். இப்படியே விட்டால் நாளைக்கு ஊருக்கு இந்த முழங்கால் சாவுதான் மிஞ்சும். அவர் சுகமாகப் படுத்திருந்த மத்தியானம் இல்லவே இல்லை என்றாகிவிடும்.

பெட்டியை வாசலில் வைத்து ஆராதனை நடந்தது. போதகர் நல்ல மனிதர், சொன்னதை நம்பியவர். முழங்காலில் நின்றபடியே கர்த்தருக்குள் நித்திரையடைவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று உருகினார். அப்படித்தானேம்மா என்று அவள் பக்கம் திரும்பினார்.

சுகிர்தம் எழுந்து நின்றாள்.

"இல்லீங்க ஐயா. அவரு ஜெபம் பண்ணல. நல்லா சாப்ட்டுட்டு என் மடியில படுத்துக்கினு இருந்தாரு. நான் கோழி எறகால காது கொடைஞ்சிக்கினு இருந்தேன். சொகமா கீதுன்னாரு. அத்தோட சரி."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். போதகர் கையிலிருந்த வேதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவஇரக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பாட்டை எடுத்தார், எவருக்கும் எட்டாத சுதியில்.

பெட்டியைத் தூக்கினார்கள். மலைக்கோயிலுக்குப் படித்திருவிழாக் கூட்டத்தை ஏற்றிப்போன பஸ்கள் தெருமுனையில் வழிவிட்டு நின்றன. ஜன்னலில் இருந்த சிலர் கைகூப்பினார்கள். சந்திரா பின்னாலிருந்து வந்து சுகிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டத்தான் போகிறாள் என்று சுகிர்தம் நினைத்தாள்.

"அக்கா," என்றாள் சந்திரா, குரலே வெளியில் வராமல். "அவரே வந்து மடியில படுப்பாரா? நீங்க கூப்பிடாமலே?"

"ஆங்."

முன்னால் தேவஇரக்கம் வேதத்தை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையை வீசிப் பாடிக்கொண்டே போனார். ஆண்களின் வரி முடிந்தது. அடுத்த வரி பெண்களுடையது. எந்தச் சாவிலும் சந்திராதான் அதை எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். சந்திரா வாயைத் திறக்காமல், சுகிர்தத்தின் கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள்.