படிக்காமல் போட்ட கையெழுத்து

வேனை வாசலோடு ஒட்டி நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் ஓடிவந்து மகளைத் தூக்கினான் லிஃப்ட் மெக்கானிக். எட்டு வயதுப் பிள்ளை. ஒரு தலையணை கனம்தான் இருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?" மனைவி கதவை மறித்து நின்றாள்.

"இது என்ன கேள்வி? ஆஸ்பத்திரிக்கு! நகரு."

"வேணாங்க. சிஸ்டர் மருந்து குடுத்திருக்காங்க, வலி இல்லாம இருக்கா. இனிமே எங்கயும் அலைக்கழிக்க வேணாம்னு முடிவு பண்ணினோம்ல?"

"யாரு பண்ணினது? நீயும் அந்த டாக்டருமா?"

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்ற கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. அவனுடையதேதான்.

தசையெல்லாம் ஒவ்வொன்றாக வலுவிழக்கிற நோய் அவளுக்கு. போன வருடம் டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, "அடுத்த வருஷம் இந்நேரம் இவ நம்மகூட இல்லன்னா நமக்கு ஆச்சரியமா இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இருக்கிற நாளை நல்லபடி வைத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் கேட்கிறேன் என்றார். மனைவி தலைகுனிந்தாள். அவனுக்கு வந்ததே கோபம்! "எனக்கு இருக்கும் சார்" என்று நாற்காலி அதிர எழுந்து வெளியே போய்விட்டான்.

நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவன், இதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்றிருந்தான். ஓவர்டைம் பார்த்தான், ஞாயிறும் பார்த்தான், பெரிய ஆஸ்பத்திரி, புது மருந்து என்று அலைந்தான். ஒரு நாள் காலையில் மனைவி இந்தத் தாளை நீட்டியபோது, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினான்.

"இப்பவாவது படிங்க. அவ சொல்லச் சொல்ல நான் எழுதினது" என்றாள் மனைவி.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டே படித்தான். குழந்தைக்கு மிகவும் பிடித்தது என்ற கட்டத்தில், 'அப்பா வேலைக்குப் போகாத நாள்.' இருக்க விரும்பும் இடம், 'என் கட்டில். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.' எதற்குப் பயம், 'ஆஸ்பத்திரியில அப்பாவை வெளிய நிக்கச் சொல்லுவாங்க.'

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க எப்ப நின்னு கேட்டீங்க?"

அவன் "வாலு..." என்று மகளைக் கூப்பிட்டான். நடக்கவே முடியாத பிள்ளைக்கு அவன் வைத்த செல்லப்பெயர் அது. கண்ணைத் திறக்காமலே அவள், "வேலைக்கு..." என்றாள்.

"போகலடா. எங்கயும் போகல."

நர்ஸ் வெளியே போய் வேனை அணைத்துவிட்டு வந்தார்.

அந்தக் குறுகலான கட்டிலில் மகளை நடுவில் கிடத்தி அவனும் ஒண்டிப் படுத்தான். மறுபக்கம் மனைவி. இப்படி ஒரு பகல் முழுக்க மகளோடு படுத்திருந்தது எப்போது என்று யோசித்தான்; ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வாலு, போன வாரம் ஒரு மாமா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. பதறியடிச்சுப் போய்க் கதவைத் திறந்தா, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குறாரு! எழுப்பினா என்னையே திட்டுறாரு."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரித்தாள் என்றுதான் இன்றைக்கும் அவன் சொல்லுவான்.

மூன்று மணிக்குமேல் மூச்சு விட்டு விட்டு வந்தது. நாலு அடிப்பதற்குள் நின்றுவிட்டது. நர்ஸ் நாடி பார்த்துவிட்டு மனைவியின் தோளைத் தொட்டார். அவள் மகளின் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். அவன் அசையவில்லை. அந்த மாமாவைப் பத்தாவது மாடிவரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போன கதையை மகளின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"எல்லாருக்கும் சொல்லணுமேங்க" என்றாள் மனைவி, வெகுநேரம் கழித்து.

"சொல்லலாம். இரு."

அவள் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து குந்தினாள். அவன் வேலை பூட்ஸோடே படுத்திருந்தான். முடிச்சுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாக உருவி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.