தண்ணி குடிச்சிட்டு வரேன்

தன் குடிக்கதையைச் சொல்ல வெல்டரின் முறை வந்தபோது அறையில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் குடியை விட்டவர்கள். பத்து வாரப் பயிற்சியை முடித்தால், புதிதாக விட்டவர்களுக்குத் துணை நிற்கும் வேலை கிடைக்கும். வெல்டர் விட்டு இரண்டு வருடமாகிறது. ஆனாலும் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் முதலில் மூக்கால்தான் அவனைப் பார்க்கிறாள். இன்று கதை கேட்பதற்கென்று டெய்லரைக் கூட்டி வந்திருந்தான். அவனைக் குடியிலிருந்து இழுத்துக் கரை சேர்த்தவனே வெல்டர்தான். டெய்லர் குடியை விட்டு இன்றோடு தொண்ணூற்றிரண்டு நாள்.

பயிற்சி தரும் அக்கா இன்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். "எதிர்ல நின்னு புத்தி சொல்லாதீங்க, பக்கத்துல உட்காருங்க. குடியால என்ன போச்சுன்னு சொல்லுங்க. குடிச்சா எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

வெல்டர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். போன வேலை, போன பல், போன மனைவி. யாரோ கொட்டாவி விட்டார்கள். அவனுக்குச் சுருக்கென்றது. அவ்வளவுதான், வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நாளெல்லாம் நெருப்பு முன்னால் வெந்துவிட்டு பாட்டில் மூடியைத் திருகும்போது வரும் அந்தச் சத்தத்தைச் சொன்னான். டம்ளர் வெளியே வியர்ப்பதை, முதல் மடக்கு இறங்க இறங்கத் தோள்பட்டை தானாகத் தளர்வதைச் சொன்னான். அறை மூச்சு விடாமல் கேட்டது. அக்கா இரண்டு முறை இருமினார். டெய்லரின் தொண்டை ஏறி இறங்கியது. தன் கதை கேட்டு அழுகையை விழுங்குகிறான் என்று வெல்டர் நினைத்துக்கொண்டான், மடையன்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்ணே" என்று டெய்லர் எழுந்து போனான்.

அந்த அறையில் தண்ணிக்கு ஒரே அர்த்தம்தான். அதனால் குடிநீரை எல்லோரும் வாட்டர் என்றே சொல்வார்கள். புது ஆள், வாய் தவறிவிட்டது என்று சிரித்தார்கள். வெல்டர்தான் பலமாகச் சிரித்தான்.

கதை முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. அக்கா மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் அங்கேதான் இருந்தது, டெய்லரின் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில். "தனியாப் போகாதீங்க" என்று அவர் சொல்வதற்குள் வெல்டர் படியிறங்கிவிட்டான்.

இரண்டாவது தெருவில் கடை. உள்ளே, சுவரோர மேசையில் டெய்லர். அவன் முன்னால் டம்ளர் பாதி காலியாக இருந்தது. வாசலிலேயே அந்த வாசனை வெல்டரின் முகத்தில் அறைந்தது. வாய் ஊறியது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எந்திரி, போலாம்."

டெய்லர் நிமிர்ந்தான். முகத்தில் கோபமில்லை. "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்குண்ணே. தோள்பட்டை எல்லாம்."

"என் தப்புதான். எந்திரிடா."

"எதிர்ல நின்னு சொல்லக் கூடாதுல்ல."

டெய்லர் பக்கத்து ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினான். உட்கார்ந்தால் போதும், சட்டையில் வாசனை ஏறிவிடும், மகளின் மூக்குக்குத் தப்பாது. வெல்டர் உட்கார்ந்ததும், ஒரு கால் குட்டையான அந்த ஸ்டூல் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.