கரடிக்கு வந்த கையுறை

விக்னேஷ்வரன் எங்கள் அச்சகத்துக்குள் வந்தபோது கையில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின் இருந்தது. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். அறுபது வருடத்துப் பட்டாசு லேபிள்கள் கொட்டின.

"பொன்மணி, நம்ம டமாலுவோட மொத்த வரலாறும் இதுல இருக்கு. அறுபதாவது வருச விழாவுக்கு ஒரே பேனர்ல வரிசையா வரணும். பாக்குறவங்க அப்படியே ஃபீல் பண்ணணும்" என்றார்.

டமாலு என்பது ஒரு கரடி. விக்னேஷ்வரனின் தாத்தா 1964இல் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர்களுடைய எல்லாப் பெட்டியிலும் அது நிற்கிறது. வருடா வருடம் விலைப்பட்டியலின் பின்பக்கம் நாலு கட்டத்தில் அதைப் பற்றி ஒரு சிரிப்புக் கதையும் போடுவார்கள். எங்கள் பக்கம் யாரும் கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. கரடிக் கம்பெனி என்றால்தான் தெரியும். நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் லேபிள் போடுகிறவள். அம்மா குருவம்மாள் அதே கரடிக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போடுவது கரடிதான்.

அதற்காக அதன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தக் கரடியைப் பெட்டி பெட்டியாக ஒட்டி வளர்ந்தவள் நான். பசை காய்ந்து விரலில் தோல் உரியும். அப்படி ஒட்டினவளுக்குக் கரடியைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஆனாலும் லேபிள்களை வருடப்படி அடுக்கியபோது சிரிப்பு வந்துவிட்டது.

முதல் கரடி கன்னங்கரேலென்று இருந்தது. தொந்தி, தூக்கிக் கட்டின அழுக்கு வேட்டி, முன்பல்லில் ஒன்று இல்லை. எதிரே திரி எரிகிற வெடியைப் பார்த்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றது. வெடியைக் கண்டால் பயப்பட வேண்டும் என்கிற புத்தியாவது அதற்கு இருந்தது. எண்பதுகளில் யாரோ ஒரு ஜோசியர் கறுப்பு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். கரடி பழுப்பாகிவிட்டது. வடக்கே சரக்கு போகத் தொடங்கியதும், வேட்டி கட்டின கரடியை டில்லிக்காரன் மதிக்க மாட்டான் என்று கோட்டும் டையும் மாட்டியிருக்கிறார்கள். கொளுத்தின வெடிக்கு முன்னால் டை கட்டிக்கொண்டு நிற்கிற ஜந்துவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பல் முளைத்தது, தொந்தி வற்றியது, கறுப்புக் கண்ணாடி வந்தது. பிறகு இராமகிருஷ்ணன் முதலாளி, அதாவது விக்னேஷ்வரனின் அப்பா, காதைப் பொத்துவது பயந்தாங்கொள்ளித்தனமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாராம். உடனே கையைக் காதிலிருந்து எடுத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வைத்துவிட்டார்கள். கூடவே வயிற்றில் சினிமா ஹீரோ மாதிரி ஆறு கட்டு. கடைசி லேபிளில் கரடி கோதுமை மாவு நிறத்துக்கு வெளுத்து, திரி எரிய எரிய வெடியை உரசி நின்று இளித்துக்கொண்டிருந்தது.

விக்னேஷ்வரனுக்கு இதில் ஒன்றும் உறுத்தவில்லை. அவருக்கு உறுத்தியது முதல் கரடிதான்.

"இது கொஞ்சம் ரஃபா இருக்கு. நம்ம லேபர் மாதிரியே இருக்கு பாருங்க. வேட்டியை வெளுத்து, பல்லு வச்சு, கலரையும் கொஞ்சம் ஏத்திருங்க."

"சார், இது அறுபத்துநாலுல இருந்த படம். மாத்துனா அது வேற படமாயிருமே?"

"ஹெரிட்டேஜ் லுக் வேணும் பொன்மணி. ஹெரிட்டேஜ்னா நீட்டா இருக்கணும்."

அச்சக முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, சரி என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினார். சரி என்றேன். பழைய கரடிக்குப் புதுப் பல் கட்டி, வேட்டியைச் சலவைக்குப் போட்டதுபோல் வெளுத்து, கீழே '1964' என்று எழுதினேன். மாதச் சம்பளக்காரி. விக்னேஷ்வரனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு நான் ஒன்றும் ஒசத்தி இல்லை என்று அன்றைக்கே தெரியும்.

அதோடு முடியவில்லை. அந்த வருடம் எங்கள் பக்கம் ஓர் ஆலையில் விபத்து நடந்து நாலு பேர் இறந்துபோயிருந்தார்கள். அதன்பிறகு எல்லாக் கம்பெனி வாசலிலும் 'பாதுகாப்பு' என்ற சொல் புதுப் பெயிண்ட்டில் பளபளத்தது. விழாவுக்கு அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார், அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு புதுக் கரடி வேண்டும் என்றார் விக்னேஷ்வரன். பருத்தியில் நீலச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், முழங்கை வரைக்கும் கையுறை. பெயர், 'சேஃப்டி டமாலு'.

வரைந்து கொடுத்தேன். நன்றாகவே வந்தது. கையுறையின் மடிப்பு, தையல் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டிருந்தேன்.

மாதிரிப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாங்கள் இருப்பது ஆனைக்குட்டத்தில். கம்பெனி வேன் அம்மாவை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அலுமினியப் பொடி அப்பின கையைச் சிகைக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் அந்தச் சாம்பல் நிறம் போகாது. முப்பது வருடமாக அந்தக் கையால்தான் சோறு தின்கிறாள். ஈரக் கையோடு வந்து படத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, இது யாரு? ஆஸ்பத்திரி கரடியா?"

"உங்க கம்பெனி கரடிதாம்மா. சேஃப்டிக்காக."

"கையில என்ன?"

"கையுறை. மருந்து கையில படாம இருக்கதுக்கு."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது எந்த ஷெட்டுல வேல பாக்குது? எங்க ஷெட்டுல இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு முகம் சுட்டது. அந்தக் கையுறையை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு ஜோடி உண்டா என்று ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஆறடி உயரத்தில் அந்தக் கரடியை அச்சடித்து நாரணாபுரம் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினார்கள். பெண்களுக்குப் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. வேனிலிருந்து இறங்கி உள்ளே போகும்போது ஆளுக்கொரு கேள்வி. "என்ன மச்சான், கையுறை எங்கன வாங்குனீக?" "மாஸ்க்க கழட்டிட்டு ஒரு வா டீ குடிக்கியளா?" ஃபோர்மேன் தங்கப்பாண்டியனுக்குக் கோபம். "முதலாளி படத்த கேலி பண்ணுதீகளா?" என்று விரட்டினார். "முதலாளிய எங்க பண்ணுனோம், கரடியத்தான் பண்ணுதோம்" என்றாள் அம்மா.

விழா தொழிற்சாலை முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. என் கரடிகள் ஏழும் மேடைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. பேனரைச் சரிபார்ப்பதற்காக நானும் போயிருந்தேன். பாதுகாப்பு அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். விக்னேஷ்வரன் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு கரடிக்கும் விளக்கம் சொன்னார். தாத்தா தன் கையாலேயே வரைந்த முதல் கரடி என்றார். போன மாதம் நான் பல் கட்டின கரடி அது. கோட்டுப் போட்டது தன்னம்பிக்கையாம். கையைக் காதிலிருந்து எடுத்தது துணிச்சலாம். கடைசிக் கரடியிடம் வந்தபோது குரல் தழுதழுத்தது. "எங்களுக்குத் தொழிலாளிங்கதான் குடும்பம். அவங்க கை எங்க கை. அதனாலதான் டமாலு கையுறை போட்டிருக்கு" என்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பெண்கள் பக்கமிருந்து அம்மா எழுந்தாள்.

"முதலாளி, ஒரு வார்த்த. அந்தக் கடேசி கரடி கையில போட்டுருக்குல்ல, அது எங்களுக்கு எப்பம் வரும்?"

இராமகிருஷ்ணன் முதலாளி மகனிடமிருந்து மைக்கை வாங்கினார். ஒரு பெரிய மனுசச் சிரிப்பு சிரித்தார். "அது படம்மா குருவம்மா. படத்துக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் இல்லையா?"

"அதத்தான் முதலாளி நானும் கேக்கேன்" என்றாள் அம்மா.

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அது அப்படியே பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. தங்கப்பாண்டியன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அவருக்காக வாங்கி வைத்திருந்த சால்வையை வாங்கிக்கொள்ளாமல், "மருந்து அடைக்கிற ஷெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி எழுந்தார்.

மறுநாள் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. மருந்து தொடுகிற எல்லாருக்கும் பதினைந்து நாளுக்குள் கையுறையும் மாஸ்க்கும் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மதியமே விக்னேஷ்வரன் அச்சகத்தில் வந்து நின்றார். அறுபது வருட அனுபவமுள்ள கம்பெனி அந்த நோட்டீஸுக்கு என்ன வழி கண்டுபிடித்தது என்பதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

"பொன்மணி, அர்ஜென்ட். சேஃப்டி டமாலு கையில இருக்கிற கையுறையை எடுத்துருங்க. மாஸ்க்கும் வேண்டாம். தீபாவளி பெட்டி முழுக்க அந்தப் படம் போகுது. பாக்குறவன் எல்லாம் லேபருக்குக் கையுறை எங்கேன்னு கேப்பான்."

அவர் விளையாடவில்லை.

"கையுறையை எடுத்தா உள்ள கை வரையணும் சார்."

"வரைங்க."

வரைந்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கை ஒன்றுதான். உள்ளங்கையில் கந்தக மஞ்சள், நகக்கண்ணில் சாம்பல், சுட்டுவிரல் நுனியில் பழைய தீக்காயத்தில் சுருங்கின தோல். அரை மணி நேரத்தில் முடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"என்ன இது, கை அழுக்கா இருக்கு? கழுவுங்க."

"கழுவுனா போகாது சார். எங்கம்மா முப்பது வருசமா கழுவுறா."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. வேட்டியை வெளுத்ததுபோல் இதையும் வெளுத்துக் கொடுங்கள் என்றார். முடியாது என்றேன். அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. தனுஷ்கோடி அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏத்தா பொன்மணி, சீசன் நேரத்துல இப்பிடிப் பண்ணலாமா?" என்றார்.

"வேற யார வேணும்னாலும் வரையச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் வரைய மாட்டேன்."

கரடி ஆர்டர் எங்கள் அச்சகத்தை விட்டுப் போனது. அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கரடியைப் பெங்களூரில் ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வட்டமும் அதன்மேல் இரண்டு அரைவட்டமும் போட்டு, இதுதான் இந்தக் காலத்து டமாலு என்று அனுப்பினார்கள். தலை மட்டும்தான். கை கிடையாது. கையே இல்லாத கரடியிடம் எந்த அதிகாரி கையுறை கேட்பார்? விக்னேஷ்வரன் அதை ரொம்பவும் பாராட்டினாராம்.

கையுறைகளும் வந்தன. பதினான்காவது நாள் நாலு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. அதிகாரி வந்தார். ஒவ்வொரு ஷெட்டிலும் பெண்கள் கையுறை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போனார். அவருடைய ஜீப் மறைந்ததும் தங்கப்பாண்டியன் எல்லாவற்றையும் கழற்றி வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த சோதனைக்குப் புதுசாக இருக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றதும் அம்மா ஷெட்டுக்குப் போகவில்லை. நேராகப் போய் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே பதினொரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். எட்டரை மணிக்கு முப்பது பேர். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே லோடு ஏற்ற இரண்டு லாரி காத்திருந்தன.

"என்ன குருவம்மா, எந்திரிங்க. ஆர்டர் கெடக்கு அம்புட்டு" என்றார் தங்கப்பாண்டியன்.

"பீரோவத் தொறங்க, எந்திரிக்கோம்."

"சாவி முதலாளிகிட்ட இருக்கு."

"முதலாளி வாரவரைக்கும் இருக்கோம். எங்களுக்கு என்ன அவசரம்?"

இராமகிருஷ்ணன் முதலாளி காரில் வந்தார். சத்தம் போட்டார். பிறகு குரலைத் தணித்துக் குடும்பம், நன்றி என்றெல்லாம் பேசிப் பார்த்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. லாரி டிரைவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். பதினோரு மணிக்குப் பீரோ திறந்தது. பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு ஜோடி வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். அந்தச் சாவி பிறகு முதலாளி கைக்குத் திரும்பவில்லை. அம்மா வாங்கித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் குறைசொல்லத் தொடங்கினாள்.

"சவத்து மூதி, அம்புட்டும் ஆம்பள சைசா வாங்கிருக்கான். வெரலு உள்ள நிக்க மாட்டேங்குது. வேர்த்து வேற நாறுது."

"அப்ப போட மாட்டியாம்மா?"

"போடாம? நாளைக்கு அவன்கிட்ட சின்ன சைசு கேக்கணும்" என்றாள்.

கேட்டிருக்கிறாள். இல்லை என்றாராம் தங்கப்பாண்டியன். மறுபடி மரத்தடியைப் பார்த்து நடந்திருக்கிறாள். அடுத்த வாரம் சின்ன சைஸ் வந்தது.