பேய்களோடு போன பதினாறு

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. எங்கள் மேலாளர் கெங் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "பேய விரட்டுனதுல மனுசன் ஒருத்தனும் சேந்து போயிட்டானாம். நம்ம யூஃபென் சொல்றா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

சீனாவின் லின்யீ நகரில், இணைய நேரலையில் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. விற்பவர்கள் கேமரா முன் பேச வேண்டியதை எழுதித் தருவேன். 'குடும்பத்தாரே, இந்த விலை இன்னொரு தடவை வராது' என்பது என் வாக்கியம். [இதைவிட அதிகம் பேரைச் சென்றடைந்த வாக்கியம் எதையும் நான் எழுதியதில்லை.]

2

முதல் தொடக்கம்: 'ஷாவ் யூஃபென் தனிமையில்' — நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லை எழுதிவிட்டால் பிறகு கதை எதற்கு.

இரண்டாவது: 'மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. நேரலை நடக்கும் அறைக்கு ஜன்னலும் கிடையாது.

மூன்றாவது: யூஃபென் மதியத்தில் கம்பளிக் காலுறை விற்கிறாள். மதியம் யாரும் வாங்குவதில்லை. புதியவர்களுக்கும் ராசியில்லாதவர்களுக்கும் தரும் நேரம் அது. சுவரோரம் ஓர் அலமாரி. அது நிறையப் பழைய ஃபோன்கள். எல்லாம் அவளுடைய நேரலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காலியான கடைக்குள் யாரும் நுழைவதில்லை என்பதால் கெங் செய்த ஏற்பாடு. அவற்றைப் பேய்கள் என்போம். "நான் பேசுறது கேக்குதா? கேட்டா ஒரு பூ போடுங்க" என்று அவள் சொன்னதும் திரையில் பூவாகக் கொட்டும்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

[கட்டுரை போன்ற ஒரு பத்தி இங்கே வர வேண்டும். சுருக்கமாக: இப்போது எங்கள் பக்கத்தில் பூண்டு விற்பவரும் ஃபோனைப் பார்த்துத்தான் கூவுகிறார். மருமகள் ஃபோனைப் பிடித்துக்கொள்கிறாள். நாடு முழுவதும் விற்கிறது, நாடு முழுவதும் பார்க்கிறது. அறிக்கைகளில் எல்லாம் கோடிகள். ஓர் அறையில் இப்போது யார் இருக்கிறார் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை.]

யூஃபெனின் பார்வையாளர்களில் ஒருவருக்குப் பெயர் வெறும் எண். கணக்குத் தொடங்கும்போது நேரலைத் தளம் தானாகத் தரும் நீண்ட எண் அது. பெரும்பாலானோர் அன்றே அதை மாற்றிவிட்டு ஒரு பெயரோ பூவோ வைத்துக்கொள்வார்கள். இவர் மாற்றவில்லை. மாற்றத் தெரியவில்லை என்று யூஃபென் நினைத்தாள். கடைசி இரண்டு இலக்கங்களைச் சொல்லி அழைத்தாள்.

"பதினாறு வந்தாச்சா? வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா?"

திரையில் வரும்: சாப்பிட்டாச்சு.

"என்ன சாப்பிட்டீங்க?"

பதில் வராது. காலுறையும் வாங்கியதில்லை. மறுநாள் மறுபடி வருவார்.*

* ஆணா பெண்ணா தெரியாது. வயதானவர் என்கிறாள் யூஃபென். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மெதுவா டைப் பண்றாங்க" என்றாள்.

[ஒருநாள் பதினாறு, 'இன்னைக்கு உங்க தொண்டை சரியில்ல' என்று எழுதியதாக ஒரு வரி எழுதியிருந்தேன். யூஃபெனிடம் காட்டினேன். "அப்படியெல்லாம் எழுதல. எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். வரியை எடுத்துவிட்டேன். ஆகவே, பதினாறு ஒரு மனிதர் என்பதற்கு இந்தக் கதையில் ஆதாரம் இல்லை.]

4

சீனப் புத்தாண்டான வசந்த விழா முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது: பொய்க் கணக்குகளை நீங்களே காட்டிக்கொடுத்தால் தண்டனை இல்லை. கெங் காட்டிக்கொடுத்தான். ஆனால் தன்னுடைய பேய்கள் எவை என்று அவனுக்கே தெரியவில்லை. விலைக்கு வாங்கிய அந்தக் கணக்குகள் பல கை மாறி வந்தவை; எது எந்த ஃபோனில் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. பெயர் வெறும் எண். எதுவும் வாங்கியதில்லை. தவறாமல் வருகிறது. இந்த மூன்றும் பொருந்திய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டான். தளம் அவற்றை முடக்கியது.

மறுநாள் யூஃபென் அவனிடம் வந்தாள்.

"கெங் அண்ணே, பதினாறக் காணோம்."

"எந்தப் பதினாறு?"

"தினம் சாப்பிட்டாச்சுன்னு போடுவாங்களே."

"அது பேயிம்மா. பேருகூடக் கிடையாது அதுக்கு."

"பேயி பூதான் போடும். சாப்பிடாது."

"எவனாச்சும் செட் பண்ணி வச்சிருப்பான். சாப்பிட்டீங்களான்னு கேட்டா சாப்பிட்டாச்சு. இது என்ன பெரிய வித்தையா? நீயுந்தான் தினம் அதே கேள்விய கேக்குற. உன்னை செட் பண்ணது யாரு?" என் பக்கம் திரும்பினான். "இந்தா, நம்ம எழுத்தாளரு."

'சாப்பிட்டீங்களா' என்பது நான் எழுதிக்கொடுத்ததல்ல. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

5

முடக்கப்பட்ட கணக்கால் நேரலையைப் பார்க்க முடியும், எதுவும் எழுத முடியாது. மீட்பதற்கு வழி உண்டு. ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, அது சொல்லும்போது கண் சிமிட்ட வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், தலையாட்ட வேண்டும். உயிருள்ள ஆள் என்று தளம் ஒப்புக்கொள்ளும். ஒருவருக்காக இன்னொருவர் இதைச் செய்ய முடியாது. பெயரை மாற்றத் தெரியாதவர் இதை எப்படிச் செய்வார்?

யாராவது சொல்லித்தர வேண்டும். நேரலையில் சொல்லலாம். ஆனால் கணக்கை மீட்பது பற்றி நேரலையில் பேசுவது விதிமீறல். தளத்தின் இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை நேரலையையே மூடிவிடுவார்கள், அவள் வேலையும் போகும். அந்தக் கேமரா முன் உட்காருவதற்காக யூஃபென் இரண்டு குளிர்காலம் கிடங்கில் காலுறை மடித்தாள்.

அவள் சொன்னாள்.

"குடும்பத்தாரே, காலுறைய அப்புறம் பாப்போம். பதினாறு, இருக்கீங்களா? ஃபோன மூஞ்சிக்கு நேரா புடிங்க. கண்ணாடி போட்டிருந்தா கழட்டிருங்க. பயப்படாதீங்க, காசெல்லாம் கேக்காது. இப்ப நான் செய்யற மாதிரியே செய்யுங்க."

கண் சிமிட்டினாள். வாயைத் திறந்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். அலமாரியில் மிச்சமிருந்த பேய்கள் பூப் போட்டன.

எச்சரிக்கை உடனே வந்தது. அதற்குப் பின்னாலேயே கெங் வந்தான்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? இன்னொரு தடவை பண்ணினா மூடிருவான். ஒரு சோடி காலுறை வாங்காத ஆளுக்காகவா?"

"வாங்க வேணாம்ண்ணே. வந்து சாப்பிட்டாச்சுன்னு சொன்னாப் போதும்."

"அதுதானே வேணும்? நான் சொல்றேன் தினம். சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு."

"நீங்க சாப்பிட்டது ஊருக்கே தெரியுது. சட்டையப் பாருங்க."

கெங் குனிந்து பார்த்தான். சோயாச் சாறு. துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த ஃபோன்களை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தான். தளம் இந்தப் பக்கம் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்துவிட்டான் போல.

6

முடிவுகள்.

பதினாறு திரும்பி வந்து ஒரு பெட்டி காலுறை வாங்குகிறார். [கெங்குக்குப் பிடித்த முடிவு. படிக்கக் கொடுத்தபோது, 'ரெண்டு பெட்டின்னு போடு' என்றான்.]

யூஃபென் தேடிப் போகிறாள். வடக்கே, பனி விழும் ஓர் ஊரில் கதவைத் தட்டுகிறாள். திறப்பவர் — முகவரி? எதுவும் வாங்காதவருக்கு முகவரி கிடையாது.

அணைத்த ஃபோன்களை மூட்டை கட்டும்போது ஒன்றின் கணக்கு எண் பதினாறில் முடிகிறது. இதை எழுதி முடித்தேன். மூன்றில் இதுதான் நன்றாக அமைந்தது. அன்று மாலை மாடிப்படியில் யூஃபென் எதிரே வந்தாள். "கத எங்க நிக்குது?" என்றாள். மேலே போய் அதை அழித்தேன்.

7

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்று மதியம். பேய்கள் இல்லாத முதல் நேரலை. யூஃபென் காலுறையை இழுத்துக் காட்டுகிறாள், விட்டுக் காட்டுகிறாள். திரையின் மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை: ஒன்று.

சற்று நேரம் விற்றாள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மேசையில் இன்னொரு ஃபோன் இருந்தது. தன் நேரலை எப்படித் தெரிகிறது என்று விற்பவர்கள் பார்த்துக்கொள்வதற்காக வைத்திருப்பது. அதிலும் அவள் முகம்தான்.

"இதையும் ஒரு ஆளாத்தான் எண்ணுமா?"

"எண்ணலாம். சில சமயம் எண்ணும், சில சமயம் எண்ணாது."

"அணைச்சுப் பாக்கட்டுமா?"

அந்த ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"அணைச்ச பெறகும் ஒண்ணு இருந்துச்சுன்னா அது பதினாறுதான், திரும்பவும் சொல்லிக் குடுத்துருவேன். வேல போனாப் போவுது. பூஜ்யம் ஆயிட்டா…" நிறுத்தினாள். "பூஜ்யம் ஆயிட்டா என்ன பேசறதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை. யாரும் இல்லாத அறையில் பேச வேண்டியதை நான் எழுதியதே இல்லை. எப்போதும் யாரோ இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எழுதுவேன், இந்தக் கதை உட்பட.

அவள் விரல் அந்த ஃபோனின் பொத்தான்மேல் இருக்கிறது. நான் எழுதினால்தான் அது அழுந்தும். நான் எழுதப்போவதில்லை. அழுத்துவதானால் நீங்கள் அழுத்துங்கள். திரையில் இன்னும் ஒன்று என்றுதான் இருக்கிறது.