கீழ்வீட்டுக் குளிர்

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மறுபடியும் தட்டத் தொடங்கியதும் கலீச்சா சூப் கரண்டியைக் கையில் எடுத்தாள். டக், டக், டக் என்று வந்த சத்தத்துக்குப் பதிலாகக் குழாயில் ஓங்கி மூன்று அடி வைத்தாள்.

“அம்மா, எனக்குக் கம்மல் போட வரப்போறவங்க அவங்க. கொஞ்சம் விடேன்” என்றாள் மகள் பெகிமாய்.

“வரமாட்டேன்னுதான் தட்டிச் சொல்றாளே. உனக்குத்தான் காது கேக்கல.”

எங்கள் பிஷ்கெக் நகரத்தின் பழைய வீடுகளில் அண்டை வீட்டுச் சத்தம் பொறுக்க முடியாமல் போனால் யாரும் கதவைத் தட்டுவதில்லை, ரேடியேட்டருக்கு வரும் வெந்நீர்க் குழாயைத் தட்டுவார்கள். வாயை மூடு என்று அதற்குப் பொருள். இரண்டே தளமுள்ள அந்த வீட்டில் மேலே கலீச்சா, கீழே ஷார்கான். ஷார்கானின் மகன் குபாத்தும் பெகிமாயும் படிக்கட்டில் பார்த்துப் பார்த்தே மனம் கொடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஷார்கான் வந்து பெகிமாயின் காதில் கம்மல் போட்டுவிட்டால் பெண் அவர்களுடையவள்.

ஆனால் வெந்நீர் ஆபீஸ்காரர்கள் குளிர்காலத்துக்குக் குழாயில் சூடு விட்ட நாளிலிருந்து இந்தத் தட்டல். பெண்ணைப் பிடிக்காமல்தான் ஷார்கான் தட்டுகிறாள் என்று கலீச்சா முடிவு கட்டிவிட்டாள். முற்றத்தில் பெண்கள் கம்பளம் உதறிக்கொண்டிருந்தபோது, என் மகள் சிரித்தால்கூடப் பொறுக்காதவளுக்கு மருமகள் எதற்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். ஷார்கானும் அங்கேதான் நின்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை குளிர் திடீரென்று இறுகியது. கலீச்சா ரேடியேட்டரின் வால்வை முழுக்கத் திறந்தாள். தட்டல் நின்றது.

அவள் கொஞ்சம் மூடிப் பார்த்தாள். டக். திறந்தாள். சத்தமில்லை.

கை வால்விலேயே நின்றுவிட்டது. கோடையில் புது ரேடியேட்டர் மாட்ட வந்தவன், ரேடியேட்டருக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் இணைத்த குறுக்குக் குழாயைக் காட்டி, இதை வெட்டிவிட்டால் சூடெல்லாம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தான். கலீச்சா சந்தோஷமாகத் தலையாட்டினாள். சுவரும் பார்க்க அழகாக இருக்கும். பிறகு வீடு கொதித்தபோது வால்வைப் பாதி மூடி, ஜன்னலையும் திறந்து வைத்தாள். பரணிலிருந்து வரும் வெந்நீர் அவள் வீட்டைக் கடந்துதான் கீழே போக வேண்டும். குறுக்குக் குழாய் போனபின் அதற்கு இருந்த ஒரே வழி இந்த வால்வு. அதைத்தான் அவள் பாதி அடைத்திருந்தாள். அந்த இடுக்கில் நெருக்கிப் போன தண்ணீர்தான் இத்தனை நாளும் தட்டியிருக்கிறது.

தட்டில் பொரித்த போர்சோக் பலகாரம் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு கீழே போனாள். ஷார்கான் கோட்டும் கம்பளிக் காலணியும் போட்டபடி கதவைத் திறந்தாள். ஜன்னலின் உட்புறம் பனி பூத்திருந்தது. படுக்கை சூடு தேடி அடுப்படிக்கு வந்திருந்தது.

“வாங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டு ஷார்கான் இரண்டு உள்ளங்கையையும் ரேடியேட்டரில் வைத்தாள். “இப்பத்தான் சூடு வந்துச்சு. ஆபீஸ்காரனுக்குப் புத்தி வந்துடுச்சு போல.”

அப்படியே விட்டுவிடலாம். பழியை ஆபீஸ்காரன் தாங்கிக்கொள்வான். கலீச்சா அந்தப் படுக்கையைப் பார்த்தாள்.

“ஆபீஸ்காரன் இல்ல, நான்” என்று தொடங்கி, வால்வையும் வெட்டிய குழாயையும் சொல்லி முடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷார்கான் கையை எடுக்கவில்லை. “நீங்க ஜன்னலத் தொறந்து வெச்சதெல்லாம் நாங்க பேசறத ஒட்டுக் கேக்கன்னு நெனச்சேன்.”

“குளிருதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே” என்றாள் கலீச்சா.

“பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடியே குறை சொல்ற மாமியார்னு பேர் வாங்கவா? நானும் ஒண்ணும் யோக்கியமில்ல. உங்க கரண்டி பேசினப்ப, என் செருப்பும் அதே குழாயில ரெண்டு தடவை பேசிருக்கு.”

கலீச்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “கம்மல்...” என்றாள்.

“குளிர மன்னிச்சுடலாம். முற்றத்துல சொன்னீங்க பாருங்க, அத முற்றத்துலதான் திரும்ப எடுத்துக்கணும்.”

மறுநாள் அதே பெண்கள் இருந்த நேரத்தில் கலீச்சா முற்றத்துக்குப் போனாள். கீழ்வீட்டைக் குளிரில் போட்டது நான்தான், தட்டியதும் என் வீட்டுக் குழாய்தான் என்றாள். குரல் எழும்பாததால் ஒருத்தி, என்ன சொன்னீங்க என்று கேட்டாள். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுச் சுவரில் வண்ணம் பூசாத புதுக் குறுக்குக் குழாய் பளிச்சென்று தெரிந்தது. ஷார்கான் உறவினர்களோடு வந்தாள். கம்மலை வெளியே எடுத்தவள் போடாமல் ரேடியேட்டரின் மேல் வைத்தாள்.

“இருங்க, கொஞ்சம் சூடேறட்டும். கீழ ரொம்ப நாள் குளிர்ல கெடந்தது. அப்படியே போட்டா பொண்ணு துள்ளுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். பெகிமாய் வெட்கத்தோடு காதை நீட்டினாள். கலீச்சா டீ கொண்டுவருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய், கொதிக்காத கெண்டியின் முன் நின்றாள். வீட்டில் சிரிப்பைத் தவிர வேறு சத்தமில்லை. அந்தச் சிரிப்பை மறைக்க இந்த நேரத்திலாவது அந்த ரேடியேட்டர் ஒரு தடவை தட்டக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

“சம்பந்தி, வாங்க” என்று ஷார்கான் கூப்பிட்டாள். “கம்மல உங்க கையாலயும் தொட்டுக் குடுங்க. சூடாயிடுச்சு.”