சுற்றாத மோட்டார்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, குன்னத்தில் அறிவரசன் வீட்டு மோட்டார் நின்றுபோனது. கீழ்த்தொட்டித் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் சின்ன மோட்டார். சுவிட்சைப் போட்டதும் கொஞ்சம் ஓடியது. பிறகு குரல் மாறி, சுற்றாமல் வெறுமே உறுமியது.

அறிவரசன் சுவிட்சை அணைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"போன வாரம் இத யாரு கழட்டுனது?"

கழற்றியது வெற்றிச்செல்விதான். பகலில் அவளுக்கு ஜவுளிக்கடை வேலை, மாலையில் பெரம்பலூரில் மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்பு. படம் வரைந்துவரச் சொன்னார்கள் என்று, மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்து மூடியிருந்தாள். சரியாகத்தான் மூடினோமா என்று அன்றிலிருந்தே உள்ளுக்குள் ஓர் அரிப்பு.

"பாத்துட்டு மூடிட்டேண்ணே. ஒயரத் தொடல."

"தொடாமயா உறுமுது? இருட்டுல பஸ் ஏறிப் போயி நீ படிச்சது போதும். இதோட கிளாஸ நிறுத்திக்க. மத்தியானம் மெக்கானிக்க வரச் சொல்றேன்."

அண்ணி சத்யா காலிக் குடத்தோடு வந்தாள். "அவரு வர்ற வரைக்கும் அவதான் பாக்கட்டுமே. நின்னு போனது இன்னும் எங்க நிக்கப் போவுது?"

அறிவரசன் பல் தேய்க்கப் போனான். வேண்டாம் என்று சொல்லாததே போதும் என்று வெற்றிச்செல்வி மெயினை அணைத்தாள்.

கை நேராகக் கண்டென்சர் பெட்டிக்குத்தான் போனது. ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அப்படியும் மனம் கேட்கவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப் புதுக் கண்டென்சர் வாங்கிவந்து மாட்டினாள். மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் அதே உறுமல். உடனே அணைத்தாள். உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி எரிந்திருந்தால் தன்னால்தான், வகுப்பும் போய்விடும் என்று பயந்தாள்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசையை அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். உறுமுகிற மோட்டாரில் முதலில் நடுவே சுழலும் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தப்பு தன்னுடையதுதான் என்ற பயத்தில் அந்த முதல் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியிலேயே நின்றிருக்கிறாள்.

மெயினை மறுபடி அணைத்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே காற்றாடியைப் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. காற்றாடிக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே தண்டைச் சுற்றி ஏதோ இறுகிக் கிடந்தது. நைலான் நூல். அதில் நசுங்கிய சாமந்தி இதழ்கள்.

பைக்குக்குப் போட்டது போக மிச்சப் பூச்சரத்தை முந்தின நாள் பூசையில் மோட்டாருக்குச் சாத்தியவன் அறிவரசன். நழுவாமல் இருக்க நுனியை மூடியின் ஓட்டைக்குள் செருகியதும், காலையில் வெளியே தொங்கியதை மட்டும் கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டு சுவிட்சைப் போட்டதும் அவன்தான்.

நூலை பிளேடால் அறுத்து உருவினாள். தண்டு லேசாகச் சுற்றியது. மூடியை மாட்டி, மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சத்யா அந்த நூலை விரலில் தூக்கிக் கொண்டுபோய்க் கணவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "சாமிக்கு நீங்க செஞ்ச அலங்காரம். பாத்துக்கங்க."

அப்போதுதான் சாப்பிட்டு எழுந்த அறிவரசன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூக்காரிய என்னான்னு சொல்றது? நார்ல கட்டியிருந்தா பிஞ்சு போயிருக்கும். நைலான்ல கட்டிருக்கா."

"ஆமா, அவதான் வந்து ஓட்டைக்குள்ள செருவுனா" என்றாள் சத்யா.

அவன் துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தான். பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றான்.

"அண்ணே, சாயங்காலம் கிளாஸு?" வெற்றிச்செல்வி திருப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"போயேன். ஆனா அங்க போயி இதச் சொல்லிக்கிட்டு நிக்காத."

"என்ன பழுது பாத்தன்னு சார் கேப்பாருண்ணே."

அறிவரசன் துண்டைத் தோளில் போட்டான்.

"ஊரச் சொல்லு. பேரச் சொல்லாத."