பதினான்கு தட்டுகள்

வேன் டிரைவருக்கு மனிதர்களை எண்ணுவது பிடிக்காது. தொழிலுக்கு வந்த புதிதில், அருவியிலிருந்து திரும்பியவர்களை விரல் நீட்டி எண்ணப்போய், ஒரு பெரிய மனிதர் "நாங்க என்ன ஆட்டு மந்தையா?" என்று எகிறிவிட்டார். தவிர, தலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒருவர் கை கழுவப் போவார், இன்னொருவர் போட்டோ எடுக்கப் போவார், மூன்றாமவர் இரண்டு தடவை எண்ணப்பட்டு, வராத நாலாமவரின் கணக்கைச் சரிக்கட்டிவிடுவார். அதனால் டிரைவர் தட்டுகளை எண்ண ஆரம்பித்தார்.

தட்டுகள் அவருடைய அக்காவின் கடைத் தட்டுகள். அருவிப் பாதை மேலேறி ரோட்டைத் தொடும் இடத்தில் அக்கா தகரக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். சுடச்சுடச் சோறு, குழம்பு, ஆற்று மீன் வறுவல், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் அருவியில் ஊறிவிட்டு வருகிறவன் கல்லைக் கொடுத்தாலும் தின்பான், அக்காவின் மீனையா விடுவான்? வேனில் வந்த ஒருவர்கூட அந்தக் கடையைத் தாண்டியதில்லை. பெஞ்சுகளில் எத்தனை தட்டோ, அத்தனை பேர் திரும்பியாயிற்று. "தலை அலையும், தட்டு அலையாது" என்று டிரைவர் பெருமையடித்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடம் அது பொய்க்கவும் இல்லை. தப்பான வழி ஒன்று இத்தனை காலம் சரியாகவே நடந்துவிட்டால், அப்புறம் அதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

கொட்டகைக்கு எதிரே ஐம்பது படி இறங்கினால் இரும்புக் கதவு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. உள்ளே போகவும் வெளியே வரவும் அது ஒன்றுதான் வழி. பாறை மறைப்பதால் மேலேயிருந்து பார்த்தால் கதவு தெரியாது. மூடும் நேரத்தில் காவல்காரர் பாதிப் படி ஏறிவந்து கொட்டகையைப் பார்ப்பார். டிரைவர் தட்டுகளை எண்ணிவிட்டுக் கையைத் தூக்குவார். காவல்காரர் போய்ப் பூட்டிவிடுவார். பூட்டுவதற்கு முன் அருவிவரை ஒரு நடை போய் விசில் ஊத வேண்டும் என்பது உத்தரவு. வாரநாளில் இந்த ஒரு வேன்தான், அதுவும் கை தூக்கியாகிவிட்டது, வீண் நடை எதற்கு என்பது இருவரும் பழக்கிக்கொண்டது.

அன்று வேனில் பதினான்கு பேர். அதில் ஒரு டீச்சரம்மாவும் அவர் கணவரும். கணவர் தபால் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை குத்திவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். அருவியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். நேரில் கண்டதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் குதித்தார். "வயசுக்குத் தகுந்த மாதிரி இருங்களேன்" என்று டீச்சரம்மா கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் எடுபடவில்லை.

கொட்டகைக்கு வந்த பிறகுதான் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிய பாறை மேலயே வெச்சிட்டேன் போல. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"போனா போகுது, சாப்பிட்டுட்டுப் போங்க. முழங்கால் வலின்னு ராத்திரி புலம்பப் போறீங்க."

"அஞ்சே நிமிஷம்" என்று அவர் இறங்கிப் போனார்.

அந்நேரம் காவல்காரர் கதவருகே இல்லை. டிரைவர் வேனுக்கு அடியில் படுத்து, தொங்கிய சைலன்சரைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா, "மீன் தீரப் போவுது, வேணுங்கறவங்க இப்பவே வாங்கிக்குங்க" என்று குரல் கொடுத்தாள். டீச்சரம்மா இரண்டு தட்டு வாங்கினார். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக் காகிதத்தால் மூடினார். எந்த மனைவியும் செய்கிற காரியம்தான்.

மலை உச்சியில் வானம் கறுத்துக் கிடந்தது. டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது காவல்காரர் படியில் மூச்சிரைக்க நின்று கத்தினார்.

"மேல வெள்ளம் கிளம்பிடுச்சாம்! நான் ஊர்க்காரங்க குளிக்கிற கீழ்த்துறைக்குப் போய் ஆளுங்கள வெளியேத்தணும். உன் ஆளுங்க வந்தாச்சா?"

உள்ளே தட்டுச் சத்தத்திலும் பேச்சிலும் அது யார் காதிலும் விழவில்லை. டிரைவர் வாசலிலிருந்தே பெஞ்சுகளைப் பார்த்தார். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. கையைத் தூக்கினார்.

கால் மணி நேரம் கழித்து எல்லோரும் வேனில் ஏறினார்கள். டீச்சரம்மா மட்டும் ஏறவில்லை.

"தம்பி, கொஞ்சம் இருங்க. அவர் இன்னும் வரல."

"எங்கேயிருந்தும்மா?"

"கண்ணாடி எடுக்கக் கீழ போனார்."

 டிரைவர் விழுந்தடித்துப் படியிறங்கினார். முப்பதாவது படியில் தண்ணீர் இருந்தது. செம்மண் நிறத்தில், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. கதவின் உச்சிகூடத் தெரியவில்லை. "சார்! சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் குரல் அவர் காதிலேயே விழவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. தீயணைப்புக்காரர்கள் இறங்கினார்கள். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவர் கதவின் உட்பக்கம் இருந்தார். தோளில் கிடந்த துண்டால் தன் இடுப்பைக் கம்பியோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தார்.

அவரை மேலே தூக்கிவந்து கிடத்தினார்கள். டீச்சரம்மா அழவில்லை. அவர் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கதவு வரைக்கும் வந்துட்டாரே. யாரு பூட்டினது?"

காவல்காரர் தரையைப் பார்த்தார். கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு பெண்கள் அவருக்கு. டிரைவர் கை தூக்கியதை அவரையும் அக்காவையும் தவிர யாரும் பார்க்கவில்லை. அக்கா தம்பியின் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். பேசாதே என்று அர்த்தம். டிரைவருக்கும் பேச விருப்பமில்லைதான்.  ஆனால் அந்த அம்மா காவல்காரரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா. எல்லாரும் வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன். தட்டு பதினாலு இருந்துது."

டீச்சரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் கை நின்றது. திட்டுவார், அறைவார் என்று டிரைவர் காத்திருந்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு நாலடி தூரத்துலதானே தம்பி உக்காந்திருந்தேன்" என்றார் அவர். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"